அடைக்கலப் பட்டணத்தின் எல்லை

துணி அலச வாளியைத் தேடிப் போனபோதுதான் அதைப் பார்த்தேன். வீட்டுக்குப் பின்னால், குழாயடிச் சுவரோரம், வாளியைச் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தது. சாக்கை விலக்கினேன். என் வீட்டுக்காரரின் உயிரைக் கொண்டுபோன சம்மட்டி தண்ணீருக்குள் தலைகீழாக நின்றிருந்தது. இரும்பு அதே இரும்பு. ஒரு முனையில் நகக்கீறல்போல் சின்னத் தெறிப்பு உண்டு, எனக்கு அது நன்றாகத் தெரியும். பிடி மட்டும் புதிது. இழைத்த மரத்தின் வாசனை இன்னும் போகவில்லை.

பட்டறைக்காரனைக் கட்டிக்கொண்டவளுக்கு இது என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. புதுப் பிடி போட்டால் தலைப்பக்கத்தைத் தண்ணீரில் ஊறவைப்பார்கள். மரம் உப்பி இரும்பை இறுகப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் எடுத்து ஓங்கலாம். என் கொழுந்தன் சம்மட்டி பிடிக்கிறவன் அல்ல. லாரிக் கூண்டுகளுக்குப் பற்றவைப்பு வேலை செய்கிறவன். விசாரணை முடிந்து போலீஸ்காரர்கள் பட்டறையில் திருப்பிக் கொடுத்த சம்மட்டியை அவன் எதற்குக் கேட்டு வாங்கி வந்தான், எதற்குப் பிடி போட்டான் என்பது எனக்கு உடனே புரிந்தது. எடுத்து ஒளித்துவைக்கலாமா என்று பிடியில் கை வைத்தேன். இரும்புக்கா பஞ்சம் அவனுக்கு என்று தோன்றியது. சாக்கை இழுத்து மூடிவிட்டேன்.

என் வீட்டுக்காரர் இரும்புப் பட்டறை மேஸ்திரி. பழுக்கக் காய்ந்த இரும்பை இடுக்கியால் பட்டடைக்கல்லின் மேல் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையிலுள்ள சிறு சுத்தியலால் ஓரிடத்தைத் தட்டிக் காட்டுவார். எதிரே நிற்கிற சம்மட்டிக்காரர் அதே இடத்தில் ஓங்கி அடிப்பார். பேச்சே கிடையாது. புருஷன் பெண்டாட்டிகூட அப்படிச் சொன்ன சொல் கேட்பதில்லை என்று என்னைச் சாடையாகக் குத்துவார். அந்தச் சம்மட்டிக்காரர் பல வருஷமாக அவர் காட்டிய இடத்தில் அடித்தவர். ஒரு திங்கட்கிழமை முற்பகலில், ஓங்கிய சம்மட்டியின் இரும்பு பிடியை விட்டுக் கழன்று பறந்தது. என் வீட்டுக்காரர் குனிந்திருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

போலீஸ் விபத்து என்று எழுதிச் சம்மட்டிக்காரரை விட்டுவிட்டது. சின்னவன் விடவில்லை. சின்னவன் என்றுதான் என் கொழுந்தனை வீட்டில் கூப்பிடுவோம். காரணம், சாவுக்கு முந்தின சனிக்கிழமை பட்டறையில் என் வீட்டுக்காரருக்கும் சம்மட்டிக்காரருக்கும் பெரிய வாக்குவாதம். சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. என்ன விஷயம் என்று ஒருவருக்கும் தெரியாது. சனிக்கிழமை சண்டை, திங்கட்கிழமை சாவு. இடையில் பட்டறை மூடிக் கிடந்த ஒரு ஞாயிறு. சின்னவனுக்கு அது போதுமானதாக இருந்தது.

எனக்கு விஷயம் தெரியும். அந்தச் சனிக்கிழமை மதியம் என் வீட்டுக்காரர் வீட்டுக்கு வந்து, கந்தல் மூட்டையிலிருந்து தன் பழைய நீலச் சட்டையை உருவி, கையை மட்டும் கிழித்துக்கொண்டு போனார். சாயங்காலம் சிரித்துக்கொண்டே சொன்னார். "பிடி சுருங்கிப் போச்சாம். புதுசு போட்டாத்தான் தொடுவேன்னு நிக்கிறான். நான் துணியைச் சுத்தி அடிச்சு இறுக்கி, தொட்டியில ஊறப் போட்டுட்டேன். கல்லு மாதிரி நிக்குது. திங்கக்கிழமை வேலையை முடிச்சுட்டு மாத்திக்கலாம்னா, மூஞ்சியைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டான்." துணி ஈரமாக இருக்கும்வரைதான் கல். உலைக்குப் பக்கத்தில் இரண்டு மணி நேரம் நின்றால் காய்ந்து தளர்ந்துவிடும். அது அவருக்குத் தெரியாததா என்ன. அவசரம்.

இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சொன்னால், சவப்பெட்டிக்குள் கிடந்தவர் தன் சாவைத் தானே ஆப்படித்துச் செருகிக்கொண்டவர் ஆகிவிடுவார். மாமியார் காதில் அந்தப் பேச்சு விழ வேண்டாம் என்று நினைத்தேன். ஆச்சரியம் என்னவென்றால், சம்மட்டிக்காரரும் அதைச் சொல்லவில்லை. "கழண்டுடுச்சு சார், கழண்டுடுச்சு சார்" என்றே போலீசில் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

அவரால் தன் வீட்டுக்குப் போக முடியவில்லை. தெருமுனையில் சின்னவன் உட்கார்ந்திருந்தான். கடைசியில் எங்கள் சபைப் போதகர் அவரைக் கோயிலில் தங்கவைத்தார். பலிபீடத்துக்குப் பின்னால், உடைந்த பெஞ்சுகளும் பழைய திரைச்சீலைகளும் போட்டுவைக்கிற அறை. நிறைமாத மனைவி சாப்பாட்டுத் தூக்கோடு வந்து போவாள். ஞாயிறு ஆராதனையில் நான் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பேன். எல்லோரும் கண்ணை மூடி மௌனமாக ஜெபிக்கிற நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவர் இருமுவார். அடக்கி, வாயைப் பொத்திக்கொண்டு இருமுகிற இருமல். சபை முழுக்க அதைக் கேட்கும். ஒருவரும் கண்ணைத் திறக்க மாட்டார்கள்.

மாமியாருக்குக் கண் மங்கிவிட்டது. அதனால் விளக்கு வைக்கிற நேரத்தில் வேதத்தில் ஓர் அதிகாரம் நான் உரக்க வாசிப்பது வழக்கம். அவர் எதையும் தாண்ட விடமாட்டார். எண்ணாகமம் தொடங்கியபோது கேட்டுப் பார்த்தேன்.

"அத்தை, வெறும் பேருங்களா இருக்கு. கொஞ்சம் தாண்டிக்கட்டுமா?"

"ஏன், அவங்க எல்லாம் மனுஷங்க இல்லையா? வாசி."

வாசித்தேன். ஜனக்கணக்கு முடிந்ததும், "இத்தனை பேரை எண்ணின ஆண்டவருக்கு என் மூக்குக்கண்ணாடி எங்க இருக்குன்னு தெரியாமலா இருக்கும், கேட்டுச் சொல்லு" என்றார். மகன் இறந்த பிறகு மாமியார் சொன்ன முதல் வேடிக்கைப் பேச்சு அது.

அந்த வரிசையில்தான், நான் வாளியைப் பார்ப்பதற்குச் சில நாள் முன்பு, அடைக்கலப் பட்டணங்களின் அதிகாரம் வந்தது. கை தவறி ஒருவனைக் கொன்றவன் ஓடிப்போய் ஒளிவதற்கென்று மோசே ஒதுக்கச் சொன்ன ஊர்கள். வாசிக்கத் தொடங்கிய பிறகுதான் என்ன வாசிக்கிறேன் என்று உறைத்தது. சின்னவன் சமையலறை வாசல்படியில் தட்டோடு உட்கார்ந்திருந்தான். அவன் கை நின்றுவிட்டது.

"வேணும்னே எடுத்தீங்களா அண்ணி?"

"வரிசையில வந்துச்சுடா" என்றார் மாமியார். "நேத்து இதுக்கு முந்தினது வாசிச்சா. நீ மேல வாசிம்மா."

இரும்புக் கருவியால் அடித்துக் கொன்றவன் கொலைபாதகன் என்கிற இடம் வந்தது. இறந்தவனுக்காகப் பழிவாங்குகிற சொந்தக்காரன் வந்தான். முன்பகை இல்லாமல் நடந்தது வேறு, பகையோடு செய்தது வேறு என்றும் வந்தது. சின்னவன் தட்டைக் கீழே வைத்தான்.

"பகை இல்லாமலா சனிக்கிழமை அந்தக் கத்துக் கத்தினான்?"

பதில் என் நாக்கு நுனியில்தான் இருந்தது. மாமியாரின் முகத்தைப் பார்த்துவிட்டு அடுத்த வரிக்குப் போனேன். கொன்றவன் அந்த ஊரின் எல்லையைத் தாண்டி வெளியே வந்து, பழிவாங்குகிறவன் அவனைக் கண்டு கொன்றால், அவன்மேல் இரத்தப்பழி இல்லை என்று இருந்தது.

"அந்த இடத்தைத் திரும்ப வாசிங்க."

"தம்பி..."

"வாசிங்க அண்ணி."

வாசித்தேன். அவன் எழுந்து கை கழுவினான். துண்டில் விரல் விரலாகத் துடைத்தான்.

"அப்ப கோயில் கேட்டுதான் எல்லை" என்று சொல்லிவிட்டு வெளியே போனான்.

அவ்வளவு நாள் அவன் வெறும் கோபக்காரன். அன்று நான் வாசித்த வாசிப்பில் அவனுக்கு ஒரு பேரும் ஒரு வேலையும் கிடைத்துவிட்டன. புத்தகத்தை மூடவும் முடியாமல் உட்கார்ந்திருந்தேன். மாமியார் வேறு யோசனையில் இருந்தார்.

"பிரதான ஆசாரியன் சாகிற வரைக்கும் கொன்னவன் அங்கேயே இருக்கணும், அப்புறம் வீட்டுக்குப் போகலாம்னு வந்துச்சே. நடுவுல அந்த ஆசாரியன் எதுக்குச் சாகணும்? அவன்பாட்டுக்குப் பூசை பண்ணிட்டு இருக்கிறவன்."

"தெரியலை அத்தை" என்றேன்.

வாளியைப் பார்த்த அன்று காலையில்தான் போதகர் வந்திருந்தார். சம்மட்டிக்காரருக்கு ஆண்பிள்ளை பிறந்திருக்கிறது என்றார். அவர் இன்று மதியம் வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைப் பார்த்தே தீருவேன் என்கிறாராம்.

"சொல்லிப் பாத்துட்டேன்மா. கேக்கலை. போலீஸ்ல போய்ச் சொன்னேன். இன்னும் ஒண்ணும் நடக்கலையேன்னாங்க. நடந்தப்புறம் வர்றதுக்கு நானே போதுமே, அடக்க ஆராதனைக்கு." தன் வேடிக்கையை நினைத்துத் தானே பயந்தவர்போல் கைகளைப் பிசைந்தார். "நீங்க சின்னவர்கிட்ட ஒரு வார்த்தை பேசிப் பாருங்க."

நாங்கள் பேசியது பின்னால் குழாயடியில் இருந்த சின்னவனுக்குக் கேட்டிருக்கும். போதகர் போனபின் வந்து பார்த்தால் அவன் இல்லை. வாளி இருந்தது. துணியை நனைத்துவைத்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி போய்ப் பார்த்தேன். வாளியில் தண்ணீர் மட்டும் இருந்தது.

உள்ளே வந்து தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்தேன். கை எதையும் பிடிக்கவில்லை. மிஷின் பலகையிலேயே வேதத்தைத் திறந்து, அடுத்த புத்தகத்தில் எங்கோ படித்த ஞாபகத்தில் பக்கங்களைத் தள்ளினேன். உபாகமத்தில் இருந்தது. இரண்டு பேர் காட்டுக்கு விறகு வெட்டப் போகிறார்கள். கோடரியை ஓங்கும்போது இரும்பு காம்பை விட்டுக் கழன்று தோழன்மேல் படுகிறது, அவன் சாகிறான். எத்தனையோ தடவை வாசித்திருக்கிறேன். என் வீட்டைப் பற்றி அங்கே எழுதியிருக்கிறது என்று தெரியாமல் வாசித்திருக்கிறேன்.

அந்த ஊர்கள் கொன்றவனுக்காகக் கட்டியவை என்றுதான் நினைத்திருந்தேன். அப்போதுதான் பின்னால் துரத்தி வருகிறவனையும் பார்த்தேன். நெஞ்சு கொதிக்க ஓடிவருகிற அவன் ஊர்வாசலில் வந்து முட்டிக்கொள்கிறான். அங்கே மூப்பர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். நின்றுதான் ஆக வேண்டும். நடந்தது என்னவென்று கேட்டுத்தான் ஆக வேண்டும். அவனுடைய துக்கத்தைச் சட்டம் எங்கும் குறை சொல்லவில்லை. தீர்ப்பை மட்டும் அவன் கையில் கொடுக்கவில்லை. அந்த மதில் இல்லையென்றால் அவன் கொலைகாரன் ஆகிவிடுவான். மதில் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான்.

அப்படியென்றால் ஆசாரியன்? கொன்றவனைப் பணம் வாங்கிக்கொண்டு வெளியே விடக்கூடாது என்று இருக்கிறது. ஓர் உயிர் போயிருக்கிறது. அதற்கு விலை பேச முடியாது. அதற்குப் பதிலாக ஒரு சாவுதான் வர வேண்டும். அது கொன்றவனின் சாவாக இல்லாமல், இந்த வழக்கில் எந்தச் சம்பந்தமும் இல்லாத, எல்லோருக்காகவும் நிற்கிற ஒருவரின் சாவாக இருக்கிறது. அது வரைக்கும் கொன்றவன் வீடு திரும்ப முடியாது. துரத்தியவன் மட்டும் என்ன, அவனும் எல்லைக்கல்லைப் பார்த்துக்கொண்டு வெளியே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அந்தச் சாவு நடந்த அன்று இரண்டு பேரும் ஒன்றாக எழுந்து அவரவர் வீட்டுக்குப் போகிறார்கள்.

நான் சிறுவயதிலிருந்து நற்கருணை அப்பம் வாங்குகிறவள். அந்தச் சாவை ஒவ்வொரு தடவையும் கையில் வாங்கி வாயில் போட்டிருக்கிறேன். எங்கள் ஆசாரியர் எப்போதோ சிலுவையில் இறந்தாயிற்று. நாங்கள்தான் ஒருவரைச் சுவருக்கு உள்ளேயும் ஒருவரை வெளியேயும் இன்னும் உட்காரவைத்திருக்கிறோம்.

ஆனால் வாசலில் யாராவது நடந்ததைச் சொல்ல வேண்டும். தெரிந்தவர்கள் வாயைத் திறக்காவிட்டால் அந்த ஊர் வெறும் மதில். செருப்பைப் போட்டுக்கொண்டு புறப்பட்டேன்.

கோயிலின் பின்னறைக் கதவைத் தட்டினேன். சம்மட்டிக்காரர் திறந்தார். சட்டையைத் துவைத்துப் போட்டிருந்தார். ஓங்கி ஓங்கி உருண்ட தோள்கள் வற்றிப்போயிருந்தன. என்னைப் பார்த்ததும் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

"பிடியைப் பத்தித்தானே அன்னைக்குச் சண்டை?" என்றேன்.

அவர் தரையைப் பார்த்தார்.

"ஏன் போலீஸ்ல சொல்லலை?"

"எப்படிச் சொல்றதுக்கா? என் கைதானே ஓங்குச்சு. அப்புறம் செத்தவர்மேல போய்ச் சொல்லச் சொல்றீங்களா?" கொஞ்சம் பொறுத்து, "பெரியம்மாவுக்குத் தெரியவேண்டாம்க்கா" என்றார்.

என் மாமியாரைத்தான் அவர் பெரியம்மா என்பார். இரண்டு பேரும் ஒரே கதவை ஆளுக்கொரு பக்கத்திலிருந்து பூட்டிவைத்திருக்கிறோம்.

"வாங்க. பிள்ளையைப் பாத்துட்டு வரலாம். நான் கூட வர்றேன்."

"வேண்டாம்க்கா. சின்னவர் கேட்டுக்கு எதிர்லதான் இருக்கார். ஜன்னல்ல பாத்தேன்."

"தெரியும்."

போதகர் கேட்டுவரை வந்தார். அதற்குமேல் அவர் கால் வரவில்லை, நானும் கூப்பிடவில்லை. கேட்டுக் கம்பி கிறீச்சிட்டது. எதிரே சைக்கிள் கடையின் மூடிய ஷட்டர் முன்னால் சின்னவன் எழுந்து நின்றான். வலதுகையில் சம்மட்டி தொங்கியது. பிடியிலிருந்து தண்ணீர் இன்னும் சொட்டியது. சிமெண்டில் சொட்டுச் சொட்டாக ஈரம்.

சம்மட்டிக்காரர் எனக்கு ஓரடி பின்னால் வந்தார். மருந்துக்கடையில் நின்றவர்கள் உள்ளே போனார்கள். மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் அப்படியே நின்றுவிட்டாள். கேட்டைத் தாண்டினோம்.

"அண்ணி, நகருங்க."

"இல்ல தம்பி."

"உங்க தாலியை அறுத்தவன்கூட நடந்து போறீங்க. வெக்கமா இல்ல?"

"வெக்கமாத்தான் இருக்கு. வேற ஒண்ணுக்கு." சம்மட்டிக்காரர் பக்கம் கையைக் காட்டினேன். "பிடி சுருங்கிப் போச்சு, மாத்தணும்னு சண்டை போட்டது இவரு. வேண்டாம், துணியைச் சுத்தி அடிச்சுக்கலாம்னு சொன்னது உங்க அண்ணன். என்கிட்ட சொல்லிச் சிரிச்சாரு. சனிக்கிழமை நடந்தது அதுதான்."

அவன் இடது கையும் பிடிக்குப் போனது. இரண்டு கையாலும் சம்மட்டியைப் பிடித்துக்கொண்டான். ஓங்குகிறவன் முதலில் காலைத்தான் அகட்டி வைப்பான். பட்டறைக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொண்டுபோய் எனக்கு அது தெரியும். நான் அவன் கால்களையே பார்த்தேன்.

கால்கள் நகரவில்லை.

"நீலத் துணி" என்றான்.

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"புதுப் பிடி போடறதுக்குத் துளையைச் சுத்தம் பண்ணினேன். உள்ள நீலத் துணி அடைச்சுக் கிடந்துச்சு. அண்ணன் சட்டை. நான் வாங்கிக் குடுத்தது, எனக்குத் தெரியாதா." குரல் உடைந்து மெலிந்துவிட்டது. "அவன் சட்டைத் துணி இவன்கிட்ட எப்படிப் போகும்? தெரியும் அண்ணி. தெரிஞ்சுதான் உக்காந்திருந்தேன். இவன் இல்லைன்னா அப்புறம் நான் யார்கிட்ட போய்க் கேக்கறது? அண்ணன்கிட்டயா?"

நான் படித்து வைத்திருந்ததையெல்லாம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

"கேக்க வேண்டிய கணக்குக்கு ஒருத்தர் எப்பவோ செத்தாச்சு தம்பி" என்று மட்டும் சொன்னேன். "இனிமே யாரும் சாக வேண்டியதில்லை. நீங்களும் வீட்டுக்கு வரலாம்."

அவன் என்னைப் பார்த்தான். நான் சொன்னது அவன் அண்ணனைப் பற்றி அல்ல என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. அவனும் என்னோடு அதே நற்கருணைப் பந்தியில் முழங்காலிடுகிறவன்தான். நான் நடந்தேன். சம்மட்டிக்காரர் என்னைத் தொட்டுவிடாத தூரத்தில் ஒட்டி நடந்தார். கொஞ்சம் தள்ளி மூன்றாவது காலடிச் சத்தம் தொடர்ந்து வந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் என் கால் நின்றுவிடும் என்று பயம். பட்டறையைத் தாண்டினோம். தண்ணீர்க்குழாயைத் தாண்டினோம். அந்தச் சத்தம் வேகமாகவும் இல்லை, விலகவும் இல்லை. கால் சற்று இழுத்தது, கனத்தைத் தூக்கி நடக்கிறவனின் நடை.

வீட்டுவாசலில் சம்மட்டிக்காரரின் மனைவி, துணியில் சுற்றிய பிள்ளையோடு நின்றாள். எங்களுக்குப் பின்னால் வருகிறவனைப் பார்த்ததும் பிள்ளையை மார்போடு இறுக்கிக்கொண்டாள். சம்மட்டிக்காரர் படியில் ஒரு கால் வைத்தவர், மேலே ஏறவில்லை. திரும்பி நின்றார். அனுமதி கேட்பதுபோல் இருந்தது.

சின்னவன் முன்னால் வந்தான். நான் நடுவில் போகக் கால் எடுத்தேன். அவன் என்னைச் சுற்றிக்கொண்டு போய், சம்மட்டியை அந்தப் படியில் இரும்பு கீழேயும் பிடி சுவரிலும் படும்படி சாய்த்துவைத்தான்.

"புதுப் பிடி. நல்லா ஊறியிருக்கு" என்றான். "துணி கிணி எதுவும் வைக்கலை."

சம்மட்டிக்காரர் படியிலிருந்து காலை எடுத்தார். "சின்னவரே..."

"உள்ள போய்யா. பிள்ளை அழுவுது."

பிள்ளை அழவில்லை. நல்ல தூக்கத்தில் இருந்தது.

அன்று சாயங்காலம் விளக்கு வைத்ததும் மாமியார் கேட்டார். தெருவில் நடப்பது அவர் காதுக்கு வராமல் போகாது.

"சம்மட்டிக்காரன் வீட்டுக்குப் போயிட்டானாமே?"

"ஆமாம் அத்தை."

"அப்ப ஆசாரியன் செத்துட்டான்னு சொல்லு" என்றார்.

"அவர் எப்பவோ செத்துட்டாரு அத்தை."

"அது எனக்குத் தெரியும். இந்த வீட்டுக்கு இன்னைக்குத்தான் சேதி வந்திருக்கு." சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். "என் மூத்தவன் அவசரக்காரன். பெத்தவளுக்குத் தெரியாதுன்னு எல்லாரும் பேசாம இருந்தீங்களாக்கும். வாசி."

வாசித்தேன். நீளமான அதிகாரம். பாதியிலேயே அவர் தூங்கிவிட்டார். சின்னவன் வாசல்படியில் தட்டோடு உட்கார்ந்திருந்தான். நிறுத்தலாமா என்று அவனைப் பார்த்தேன். மேலே போங்க என்பதுபோல் தலையை அசைத்தான். கடைசி வரைக்கும் வாசித்தேன்.